பஸ்ஸில் ஏறாதவர்

எழுபதுகளில் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பழைய லாரியில் சவுக்குக்கட்டை ஏற்றிப்போவேன். ஒருநாள் காலை, வயதான மீனவர் ஒருவர் கைகாட்டி ஏறினார். நரைத்த தாடி, உப்புக்காற்றில் வெடித்த உதடு. மகளைப் பிரசவ வலியோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். உட்கார்ந்த இடத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என்ஜின் கொதித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. ரப்பர் குழாய்களைத் தடவிப் பார்த்தேன், எங்கும் ஒழுகவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தபோதுதான் புரிந்தது. என்ஜின் மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு போய், தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே இறங்கி ஆவியாகிக்கொண்டிருந்தது. பட்டறை போய்ச் சேரும்வரை ஊற்றி ஊற்றித்தான் ஓட்டவேண்டும்.

அவர் வாளியோடு சாலையோரக் குட்டைக்கும் லாரிக்குமாக ஓடினார். அப்போது செங்கல்பட்டு பஸ் வந்தது. கைகாட்டி அதை நிறுத்தினேன்.

“ஏறு நைனா, சீக்கிரம் போயிடலாம்.”

“அத்த போவச் சொல்லுப்பா. அங்க இன்னா சேதி காத்துகினு கீதோ. இங்கனா தண்ணி ஊத்திகினு இருக்கேன்.”

பஸ் போய்விட்டது. நின்று நின்று ஆஸ்பத்திரி வாசலை அடைய மதியமாயிற்று. இறங்கியவர், “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்று கேட்டார்.

“போதும், உள்ள போ நைனா” என்றேன். மெதுவாகப் போனார். என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று நான் நிற்கவில்லை.

அவரைப் பிடித்து அந்த பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.