பதின்மூன்றாவது அம்சம்

"எழுதுறேன்னு சொன்னீங்களே சார்... நோட்டீஸ ரெண்டு தடவ வாசிச்சேன். காணோமே?"

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண வீட்டுக்காகப் பேராதனையில் கலஹா பஸ் ஏறியிருந்தேன். கேள்வி பின் சீட்டிலிருந்து வந்தது. திரும்பினால், செல்வமணி. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்; லயம் எனப்படும் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பவர். அங்கே ஒரு மலையகக் கட்சியின் மாதர் தலைவி. இருபது வருஷமாக அதே கட்சி.

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் சங்கடம்.

தேர்தலுக்கு முன்பு, என்னோடு படித்த ரவி குண்டசாலையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தான். அந்தக் கட்சி வேட்பாளருக்கு வலது கை அவன்தான். "மச்சான், தேர்தல் விஞ்ஞாபனத்த நல்ல தமிழ்ல எழுதித் தா" என்றான். மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மறுப்பேனா? ஆனால் எழுதுவதற்கு முன் மக்களைப் பார்க்க வேண்டும் என்றேன். செல்வமணியின் தோட்டத்தில் நடந்த கூட்டத்துக்கு அழைத்துப் போனான்.

வேட்பாளர் ஒரு மணி நேரம் பேசினார். அதிகாரப் பகிர்வு, சமூகத்தின் கௌரவம், எதிர்த்தரப்பு செய்த துரோகம்... கைதட்டலுக்குக் குறைவில்லை. கடைசியில், "ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க" என்றார். யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.

செல்வமணி எழுந்தார்.

"ஐயா, எங்க லயத்து வீடுகளுக்கு நம்பர் இல்ல. வர்ற கடுதாசியெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகுது. எம் மக புவனாவுக்கு நர்சிங் படிக்க இன்டர்வியூ கடுதாசி வந்துச்சு. எங்க கைக்குக் கெடைக்கிறப்ப இன்டர்வியூ முடிஞ்சு நாலு நாள். வீட்டுக்கு வீடு நம்பர் போட்டு, தபால்காரர் லயத்துக்கே வர்ற மாதிரி செஞ்சு தாங்கய்யா."

பின்னால் நின்ற பெண்கள் "ஆமாங்கய்யா" என்றார்கள். வேட்பாளர் புன்னகைத்தார். "நல்ல விஷயம். குறிச்சுக்குங்க" என்று ரவியைப் பார்த்தார். ரவி என்னைப் பார்த்தான். நான் குறித்துக்கொண்டேன். "கட்டாயம் எழுதுறேம்மா" என்று செல்வமணியிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

எழுதினேன். பதின்மூன்றாவது அம்சமாக, இரண்டே வரி.

இரண்டு நாளில் ரவி போன் பண்ணினான்.

"பதின்மூணாவத எடுத்துட்டேன் மச்சான். அது பிரதேச சபை விஷயம். நாம பார்லிமென்ட்டுக்கு ஓட்டுக் கேக்குறோம். மேல சிரிப்பாங்க."

"அந்த அம்மா கேட்டாங்களேடா..."

"அவங்க நம்ம ஆள்தானே? எப்படியும் நமக்குத்தான் போடுவாங்க."

சண்டை போட்டேனா? இல்லை. மீதிப் பன்னிரண்டும் நல்ல தமிழில் இருக்கின்றன என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் அதை மறைக்காமல் சொன்னேன். "எடுத்துட்டாங்கம்மா. நானும் பேசாம விட்டுட்டேன்."

"பரவாயில்ல சார்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை. நடந்த மீதியை அவராகவே சொன்னார்.

அச்சான விஞ்ஞாபன நோட்டீஸில் விஷயம் இல்லை என்று தெரிந்ததும், ஐந்து பெண்களாகத் தபால் கந்தோருக்குப் போயிருக்கிறார்கள். கையில் புவனா சிங்களத்தில் எழுதிய கடிதம். தோட்டத்துரை சம்மதித்தால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றாராம் போஸ்ட் மாஸ்டர். தோட்டத்து மேனேஜரான அந்தத் துரையிடம் மூன்று தடவை நடை. மூன்றாம் தடவை கையெழுத்துக் கிடைத்தது. பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக ஒவ்வொரு கதவிலும் நம்பர் எழுதியதும் புவனாதான்.

"இப்ப தபால்காரர் வர்றாரா?"

"லயம் வரைக்கும் வர்றதில்ல சார். கோயில் சந்தியோட நின்னுக்கிறாரு. நாங்க எறங்கிப் போய் வாங்கிக்கிறோம். ஆனா ஆபீசுல போய் நிக்க வேண்டியதில்ல. புவனா இந்த வருஷமும் அப்ளிகேஷன் போட்டிருக்கா."

ஒருவர் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டால், அதன் பன்னிரண்டு அம்சங்களுக்கும் சம்மதம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியா என்ன? அந்த லயத்தில் அதிகாரப் பகிர்வு வேண்டாம் என்று சொல்பவர் யாருமில்லை. கௌரவமும் வேண்டும்தான். ஆனால், தன் பெயருக்கு வந்த கடிதத்தை நேரத்தோடு தன் கையால் பிரிப்பதும் கௌரவம்தானே? இதை மேடையில் இருப்பவர்களுக்கு விளங்குகிற மாதிரி மொழிபெயர்த்திருக்க வேண்டியவன் நான். பிழைப்பே அதுவாக இருந்த எனக்கு, அன்று மட்டும் வாய் வரவில்லை.

இறங்கும் இடம் நெருங்கியது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அப்புறம்... ஓட்டு?"

"நம்ம கட்சிக்குத்தான் போட்டேன் சார்."

"கோவம் வரலையா?"

"வராம இருக்குமா? ஆனா கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டா, எந்திரிச்சு நின்னு கேக்க உள்ள ஒரு ஆள் வேணாமா?"

வாயால் கேட்கக் கட்சிக்குள் ஆள் உண்டு. காதால் கேட்க...?