பிரேக்கம்மாவின் சத்து மாத்திரை

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் பதறிப்போய் எதையாவது மிதித்துவைத்தால், பக்கத்து இருக்கையிலிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம். அவள் அதை அநியாயத்துக்கு மிதிக்கிறாள் என்பது மாணவர்களின் புகார். அப்படி மிதித்ததால்தான் இத்தனை வருஷத்தில் ஒரு நாய்க்குட்டிக்குக்கூட அடிபடவில்லை என்பது அவளுடைய பதில்.

வயது அறுபது. பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். காலையில் பயிற்சி மைதானத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடப்பாள். உப்பைக் குறைத்துச் சாப்பிடுவாள், நேரத்துக்குத் தூங்குவாள். கண், பல், எலும்பு, இதயம் என்று வருஷம் தவறாமல் உடம்பை வண்டி மாதிரி சர்வீசுக்கு விட்டு எடுப்பாள். இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்களிடம், "பழைய வண்டிக்குத்தாங்க பராமரிப்பு அதிகம் வேணும்" என்று சொல்லிச் சிரித்துவிடுவாள்.

உண்மைக் காரணம் வேறு. இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் இறந்துபோனான். பள்ளியை ஆரம்பித்தவன் அவன்தான். வீட்டு வாசலில் மாட்டிய பள்ளிப் பலகையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவனைக் கொண்டுபோனது எச்.ஐ.வி. என்பது ஆஸ்பத்திரிக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவளுக்கும் அது இருக்கிறது என்று அதே வாரம் சொன்னார்கள். ஊருக்கும் உறவுக்கும் அவள் சொன்னது மஞ்சள் காமாலை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசீது எழுதிக்கொண்டிருந்த மேஜையை விட்டு எழுந்து, லைசென்ஸ் எடுத்து, பிரேக் உள்ள அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

ரெண்டு வருஷம் தாங்கலாம் என்று அன்றைய டாக்டர் நினைத்தார். அவர் நினைப்பில் மண் விழுந்தது. முதலில் கை நிறைய மாத்திரைகள், குமட்டல், மயக்கம். அப்புறம் மருந்துகள் மாறி மாறி, இப்போது நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. கிருமி ரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. "இனிமே அதைப் பத்திக் கவலை வேணாம்மா. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. இது இருக்கறவங்களுக்கு இதயமும் எலும்பும் கொஞ்சம் முந்திக்கிட்டுத் தளர்ந்துபோகும், அதைப் பார்த்துக்குங்க" என்றாள் இப்போதைய டாக்டர். முதல் தடவை முழங்கால் வலித்த அன்று பிரேக்கம்மாவுக்கு வந்த சந்தோஷம் உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. முழங்கால் வலிக்கும் வயதுவரை இருப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மாத்திரை டப்பா வீட்டுக்கு வந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, மாத்திரைகளைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு டப்பாவை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரிப்பது. உரித்ததைப் பொடிப்பொடியாகக் கிழித்துக் குப்பையில் போடுவாள். வெள்ளை வெளேரென்று நிற்கும் டப்பா சமையலறை மேல்தட்டுக்குப் போகும். யாராவது கேட்டால் சத்து மாத்திரை. பொய்யும் இல்லையே, அதுதானே அவளுக்குச் சத்து!

ஏழு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் வீட்டோடு வந்து சேர்ந்தாள். கணவனின் அக்கா. அவளும் புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை இல்லாதவள். பிரேக்கம்மாவைவிட நாலு வயசு பெரியவள். சர்க்கரை உண்டு, அதிகம் நடக்க முடியாது, ஆனால் வாய் மட்டும் ஓயாது. பாசக்காரிதான். பிரேக்கம்மா வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பாள். ஆனால் வாசல் பலகையைத் துடைக்கும்போதெல்லாம் தம்பி ஞாபகம் வந்துவிடும். வந்தால் அதே பல்லவிதான்.

"நேரா நேரத்துக்கு நீ பொங்கிப் போட்டிருந்தா அவன் ஏன் கண்ட கடையில சாப்பிடப்போறான்? காமாலை ஏன் வரப்போகுது? தங்கமான பிள்ளை. அநியாயமாப் போயிட்டான்."

பிரேக்கம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பல்லவி அன்றோடு நின்றுவிடும். ஆனால் அந்த அம்மாளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்தத் தங்கமான தம்பி மட்டும்தான். அதையும் பிடுங்கிக்கொள்ள இவளுக்கு மனசு வரவில்லை. எத்தனையோ விருந்தாளிகள் முன்னால், எத்தனையோ தடவை, சோறு போடாதவள் என்ற பெயரை மென்று முழுங்கியிருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாத்திரை குறைய ஆரம்பித்தது.

அடுத்த டப்பா வாங்கும் நாளுக்கு வெகு முன்னாலேயே டப்பாவின் அடி தெரிந்தது. அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். போட்டதை மறந்து மறுபடியும் போடுகிறோமா? அறுபது வயசில் மறதி என்றால் மூளை தளர ஆரம்பித்துவிட்டது என்றுதான் அர்த்தம். மறதிக்காரி எப்படிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இன்னொருவர் உயிருக்குப் பொறுப்பேற்பது? அன்று முழுக்க, ஞாபகத்தைச் சோதித்துப் பார்க்க, சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு என்று வாய்க்குள் முனகிக்கொண்டே வண்டியில் வந்தாள். ஓட்டிய மாணவன், டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓரமாக நிறுத்திவிட்டான்.

கிளினிக்கில் முதல் நாளிலிருந்து அவளைத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி உண்டு. "மறதியெல்லாம் இருக்காது, நீங்க என் பிறந்தநாளையே மறக்கமாட்டீங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"என் நாத்தனார். அவங்க எதுக்கு இதை எடுக்கப்போறாங்க?"

"எதுக்கும் கவனிங்க" என்று சொல்லிப் புது டப்பா கொடுத்தனுப்பினாள்.

கவனிக்க அதிக நாள் ஆகவில்லை. ஒரு மாணவி வராததால் முற்பகலில் வீட்டுக்குத் திரும்பியவள், சமையலறையில் நாத்தனார் ஸ்டூல்மேல் ஏறி நிற்பதைப் பார்த்தாள். ஒரு கையில் வெள்ளை டப்பா, மறு கையில் தண்ணீர். கையும் களவுமாக அகப்பட்டும் அந்த அம்மாளுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

"என்னடி முறைக்கிறே? நீ மட்டும் குமரியா ஓடியாடணும், நான் மூலையில கிடக்கணுமா? கேட்டா ஒண்ணு கொடுக்கமாட்டே. அதான் நானே எடுத்துக்கிட்டேன்."

"அண்ணி, எத்தனை நாளா?"

"ஒரு மாசமிருக்கும். நல்லாத்தான் வேலை செய்யுது. உடம்பு இளைச்சிருக்கு பாரு."

இளைத்துத்தான் இருந்தாள். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வயிற்றுப்போக்கு, எழுந்தால் தலைசுற்றல். அவளுடைய சர்க்கரை டாக்டர் காரணம் புரியாமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். பிரேக்கம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நர்சுக்குப் போன் போட்டாள்.

"சர்க்கரை மாத்திரையோட இதைச் சேர்த்தா அந்த மாத்திரையோட வேகம் உடம்புல ஏறிடும்மா. வயித்தைப் பாடாப் படுத்தும். உடனே நிறுத்தச் சொல்லுங்க. அவங்க டாக்டருக்கு இது கண்டிப்பாத் தெரியணும். தெரியாம அவர் புதுசா எதையாவது கொடுத்துடப்போறார்" என்றாள் நர்ஸ்.

"சொல்லிடறேன்" என்றாள் பிரேக்கம்மா. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. முதலில் சுலபமான வழியைப் பார்த்தாள். டப்பாவைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "அது உங்களுக்கு ஒத்துக்காது அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனார் விடுகிற ஆளா? மறுநாள் டாக்டரைப் பார்க்க இருவரும் பயிற்சிக் காரில் கிளம்பினார்கள். தெருமுனை திரும்பியதும் நாத்தனார் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை வெளியே எடுத்தாள்.

"நீ பூட்டி வெச்சுக்கோ. ஒண்ணு என்கிட்ட இருக்கு. அந்த மருந்துக் கடையில நிறுத்து. இதைக் காட்டி, எனக்குன்னு ஒரு டப்பா வாங்கிக்கறேன்."

மருந்துக் கடை கண்ணுக்குத் தெரிந்தது. கடைக்காரருக்கு ஓட்டை வாய். மாத்திரையைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் அது எதற்கென்று சொல்லிவிடுவார், கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு. தம்பியைப் பற்றி அந்த அம்மாள் அப்படியா தெரிந்துகொள்ள வேண்டும்? பிரேக்கம்மா பிரேக்கை மிதித்தாள். வண்டி ஓரமாக நின்றது.

"அண்ணி, அது சத்து மாத்திரை இல்ல."

"பின்னே?"

"எச்.ஐ.வி.க்குப் போடற மாத்திரை. எனக்கு இருக்கு. இருபத்துமூணு வருஷமா இருக்கு."

நாத்தனாருக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்கவில்லை. இருபத்துமூன்று என்ற அந்த எண்ணை அவள் எப்போது மறந்தாள்?

"அப்போ அவன்?"

"ஆமா அண்ணி. காமாலை இல்ல."

நாத்தனார் மாத்திரையைச் சீட்டின்மேல் வைத்தாள். கதவைத் திறந்தாள், இறங்கினாள், நடக்க ஆரம்பித்தாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் அந்த அம்மாள் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அன்றைக்கு நடந்த நடை, பிரேக்கம்மாவின் காலை நடைக்குச் சளைத்ததில்லை. தலையில் பயிற்சிப் பலகையைச் சுமந்துகொண்டு கார் பின்னாலேயே ஊர்ந்தது. கிழவி யாரோ வண்டி பழகுகிறாள் என்று பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

"ஏறுங்க அண்ணி. தலை சுத்திடும்."

"என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல."

"அவர் நல்லவர்தான். நல்லவங்களுக்கும் வரும்."

"நீ பொய் சொல்றே."

"சரி, பொய்யாவே இருக்கட்டும். ஏறுங்க."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் திரும்பாமலே கேட்டாள். "உன் மாத்திரையைத் தின்னேனே, எனக்கும் வந்துடுமா?"

"மாத்திரையால வராது. அது கிருமியை அடக்கறது. ஒண்ணா இருக்கறதால, சாப்பிடறதால எல்லாம் வராது. வர்றதா இருந்தா ஏழு வருஷமா நான் உங்களைப் பக்கத்துல விட்டிருப்பேனா?"

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் நாத்தனார் தொப்பென்று உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். தம்பிக்காக அழுகிறாளா, தனக்காகவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிரேக்கம்மா இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கத் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷம் மறைத்து வைத்தது இந்தப் பெஞ்சில் உட்காரத்தானா என்று நினைத்துக்கொண்டாள். இன்றோடு வீட்டில் மறுபடியும் தனி ஆள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

கடைசியில் நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "டாக்டர் போயிடப்போறார்" என்றாள். அவ்வளவுதான்.

டாக்டர் முன்னால் பிரேக்கம்மா வாயைத் திறப்பதற்குள் நாத்தனாரே முந்திக்கொண்டாள். "இவ மாத்திரையை நான் திருடித் தின்னுட்டேன் டாக்டர். எந்த மாத்திரைன்னு நீயே சொல்லு" என்று பிரேக்கம்மா பக்கம் திரும்பினாள். அவள் சொல்ல, டாக்டர் கேட்டுக்கொண்டார். சிறுநீரகத்துக்கும் சேர்த்துப் பரிசோதனை செய்தார். பெரிய சேதம் எதுவும் இல்லை, நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். "ஆனா ஒண்ணும்மா, அடுத்தவங்க மாத்திரையைப் போட்டா இளமை வராது" என்றும் சொன்னார். சாதாரண நாளாக இருந்தால் நாத்தனார் அவரைச் சும்மா விட்டிருக்கமாட்டாள். அன்றைக்குப் பேசாமல் எழுந்து வந்தாள்.

அப்புறம் சில நாட்கள் வீட்டில் பேச்சே இல்லை. சமைத்துப் போட்டதை நாத்தனார் சாப்பிட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசல் பலகைப் பக்கம் போகவே இல்லை. தம்பியின் முகத்தில் தூசி படிந்தது. பிரேக்கம்மா வகுப்பு முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும், நாத்தனாரின் பெட்டி நடையில் கட்டி வைத்திருக்குமோ என்று பார்த்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினாள்.

அந்த வாரக் கடைசியில் திரும்பியபோது பலகை பளிச்சென்று இருந்தது. தம்பி பழையபடி சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் கத்தரிக்கோலும் பிளாஸ்திரியும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

"பீரோ சாவியைக் கொடு."

"எதுக்கு அண்ணி?"

"கொடுடின்னா."

சாவியை வாங்கிக்கொண்டு போய் வெள்ளை டப்பாவை எடுத்து வந்தாள். மேஜைமேல் வைத்தாள்.

"போன வருஷம் உன் சித்தி வந்தப்பக்கூட சொன்னேனே. சோறு போடாதவன்னு. அவங்க எதிர்லயே. நீ குழம்பு ஊத்திக்கிட்டே நின்னியே."

பிரேக்கம்மா கைப்பையை நாற்காலியில் மாட்டினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எத்தனை வருஷம் நான் உன்னை..." குரல் உடைந்தது. அழுகையைக் கோபமாக்கிக்கொண்டாள். "கல்லு மாதிரி நின்னுருக்கே. கொழுப்புடி உனக்கு!"

"உங்களுக்கு அவர் ஒருத்தர்தானே அண்ணி இருந்தார்."

நாத்தனார் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டினாள். அதில் தடித்தடியாக எழுதி, லேபிள் உரித்த இடத்தில் ஒட்டி, நகத்தால் நாலு ஓரத்தையும் அழுத்தினாள். பிறகு தன்னுடைய சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எல்லாம் வைத்திருக்கும் தட்டில், மேஜை நடுவில், யார் வந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

பிரேக்கம்மா குனிந்து படித்தாள். "என் தம்பி பொண்டாட்டியுடையது. நான் தொடக் கூடாது" என்று எழுதியிருந்தது.

"நேரமாச்சு. இன்னிக்குப் போட்டியா இல்லையா?" என்று கேட்டாள் நாத்தனார், தண்ணீரை ஊற்றிக்கொண்டே.