கண்ணருகே ஒரு சின்னச் சக்கரம்

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்த்தளத்துப் போன் கடைக்காரன் ஒருநாள் விளையாட்டாக வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது மாடியில், கழிவறைக்குப் போகிற வழியில், ஒரு மேசையும் கண்ணாடித் தடுப்புமாக இருக்கிற இடம்தான் அவளுடைய கேமரா சர்வீஸ் கவுன்ட்டர். மேசைமேல் கறுப்பு ரப்பர் விரிப்பு, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, தூசி ஊதுகிற ரப்பர் குமிழ், ஊசி மாதிரி மெல்லிய திருப்புளிகள். உள்ளே ஒரே ஒரு முக்காலி. பழுது பார்ப்பதுதான் வேலை என்று பலகை சொல்கிறது. ஆனால் ஒரு நாளில் பாதி நேரம் திருப்புளிக்கு வேலையே இருக்காது, அவள் வாய்க்குத்தான் வேலை.

"அக்கா, இது எத்தனை மெகாபிக்சல்?"

"அது படத்தோட அளவுப்பா, அழகில்ல. செவுரு முழுக்க அடிச்சு ஒட்டப் போறியா? இல்லேல்ல? அப்ப இருக்கிறதே எக்கச்சக்கம்."

"பெரிய மெமரி கார்டு போட்டா படம் பளிச்னு வருமாக்கா?"

"பெரிய பை வாங்கினா காய்கறி ருசியாயிடுமா?"

கச்சேரியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஃப்ளாஷ் அடித்துவிட்டு, மேடை இருட்டாக விழுந்திருக்கிறதே என்று சண்டைக்கு வந்தான் ஒருவன். "உன் ஃப்ளாஷ் முன் வரிசைக்காரர் வழுக்கைத் தலை வரைக்கும்தான் போகும். அதுவாவது நல்லா விழுந்திருக்கான்னு பாரு" என்று அனுப்பிவைத்தாள். லென்ஸில் கீறல் விழுந்துவிட்டது, இனி எடுக்கிற முகத்தில் எல்லாம் கீறல் விழும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது ஒரு பெண். லென்ஸக்கா கேமராவை வாங்கினாள். அரிசி அளவுக் காகிதத் துணுக்கை நனைத்து லென்ஸின் நடுவிலேயே ஒட்டி, அந்தப் பெண்ணைப் படம் எடுத்துக் காட்டினாள். படத்தில் காகிதமும் இல்லை, கீறலும் இல்லை. அழுத முகம் மட்டும் இருந்தது.

ஆனால் அடிக்கடி வருகிற புகார் இவை எதுவும் இல்லை. "மங்கிப்போச்சு" என்பதுதான். கண் வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு சக்கரம் இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்க்க வசதியாக, அவரவர் கண்ணுக்கு ஏற்பத் திருகிக்கொள்ள வைத்தது. பார்க்கிற பார்வைதான் அதனால் மாறும், எடுக்கிற படத்துக்கு ஒன்றும் ஆகாது. பைக்குள் உரசியோ, கடன் வாங்கிப் போனவர் கை பட்டோ அது நகர்ந்துவிடும். உடனே லென்ஸ் போச்சு, கேமரா போச்சு என்று அலறி அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். லென்ஸக்கா வாங்கித் தன் மூக்குக்கண்ணாடியோடு கண்ணில் வைப்பாள், கட்டைவிரல் ஒரு தள்ளுத் தள்ளும், திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாங்குகிற கையும் கொடுக்கிற கையும் ஒரே மூச்சில் முடித்துவிடும்.

சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு அறைக்குப் போனால் அங்கே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. எப்போதாவது தங்கச்சி போன் பண்ணுவாள்.

"அக்கா, போன்ல இடமில்லேன்னு வருது. எதை அழிக்கட்டும்?"

லென்ஸக்கா பொறுமையாகச் சொல்லுவாள். ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லுவாள், பேச்சு கொஞ்சம் நீளட்டுமே என்று.

"சரிக்கா, வைக்கட்டுமா?"

நாள் பூராவும் ஊரே அவளிடம் கேள்வி கேட்கிறது. சாப்பிட்டாயா என்ற ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. யாரிடமாவது போய், என்னைக் கேளுங்கள் என்று சொல்லவா முடியும்?

ஒரு சனிக்கிழமை. கூட்டம் நெருக்கித் தள்ளியது. வரிசையில் ஒரு பெரியவர், கையில் துணிப்பை. பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று வழிவிட்டுக்கொண்டே நின்றார். ஒருவழியாக அவர் முறை வந்தபோது பையிலிருந்து துண்டில் சுற்றிய கேமராவை எடுத்தார். துண்டைப் பிரிப்பதற்கே நேரம் எடுத்தது.

"ஏம்மா, இது மங்கலாத் தெரியுதும்மா. ஒரு வருஷமாவே இப்படித்தான். உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கும், விட்டா மொத்தமும் அரிச்சுடும்னு மருமகன் பயமுறுத்திட்டாரு."

"உங்க கண்ணு எப்படிங்க?"

"கண்ணா? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவம்மா நானு. இப்பவும் தூரத்துல வர்ற வண்டி நம்பரை அட்சரம் பிசகாமச் சொல்லுவேன்."

"படம் எப்படி விழுது?"

"படம் எடுக்கிறதில்லம்மா. எடுத்து வச்சுச் சும்மா பார்ப்பேன்."

படமே எடுக்காமல் கேமராவில் என்னத்தைப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்டிருக்கலாம். ஆனால் கேமரா அதற்குள் கண்ணுக்கு வந்துவிட்டது, விரலும் தன் வேலையை முடித்துவிட்டது.

"இப்ப பாருங்க."

பெரியவர் பார்த்தார். "அடேயப்பா! கண்ணாடி மாதிரி இருக்கே! என்னம்மா மாயம் பண்ணீங்க?"

லென்ஸக்கா வழக்கமாகச் சொல்லுகிறதை ஒப்பித்தாள். "பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்கு முன்னாடி இதுல பார்த்தவங்க கண்ணாடி போடுறவங்க. கழட்டிட்டுப் பார்க்கத் தோதா அவங்க கண்ணுக்கு இந்தச் சக்கரத்தைத் திருகி வச்சிருந்தாங்க. நான் உங்க கண்ணுக்கு மாத்திட்டேன், அவ்வளவுதான். அடுத்து யாரு?"

பெரியவர் நகரவில்லை. சிரித்த முகம் அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

"முன்னாடி பார்த்தது என் வீட்டுக்காரிம்மா. போன வருஷம் போயிட்டா."

லென்ஸக்காவின் கை விரிப்புமேல் நின்றுவிட்டது.

"அப்ப, இத்தனை நாளா நான் பார்த்தது அவ திருகி வச்ச அளவையா?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியாமப் போச்சே. பழுதுன்னுல்ல தூக்கிட்டு வந்தேன்!" கேமராவை அவள் பக்கம் நீட்டினார். "இது எனக்கு வேணாம்மா. பழையபடியே வச்சுக் குடுத்துடுங்க."

அவள் வாங்கினாள். வாங்கிய பிறகுதான் உறைத்தது. சக்கரத்தில் எண் கிடையாது, கோடு கிடையாது. ஒரு ஓரத்தில் கூட்டல் குறி, மறு ஓரத்தில் கழித்தல் குறி, அவ்வளவுதான். அது எங்கே நின்றது என்று அவள் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் தள்ளினாள் என்றுகூட நினைவில்லை. விரலுக்குத் தெரிந்த வேலை, மனசைக் கேட்காமலே செய்துவிட்டது. உடைந்த பாகம் என்றால் வேறு வாங்கிப் போடலாம். இதற்கு எங்கே போவது?

"அம்மாவுக்குக் கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?"

"பொடி எழுத்தெல்லாம் படிச்சிடுவா. பஸ் நம்பர் மட்டும் கண்ணாடி இல்லாமத் தெரியாது. என் பஸ்ஸையே விட்டிருக்கா ஒருதடவ."

அப்படியானால் கழித்தல் பக்கம். அவள் திருகிக் கொடுத்தாள். பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்றார். இன்னும் கொஞ்சம் திருகினாள். "இது ரொம்ப மோசம். இவ்வளவு இல்ல." திரும்பக் கொஞ்சம் குறைத்தாள். அதற்கும் தலையாட்டிவிட்டார்.

வரிசையில் ஒரு இளவட்டம் எட்டிப் பார்த்தான். "அக்கா, ஒரே ஒரு கேள்விதான். டிஜிட்டல் ஜூமும் சாதா ஜூமும்..."

"அப்புறம் வா."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அந்த மாடி அதுவரை கேட்டதில்லை. இளவட்டம் ஒருமாதிரி ஆகிப் பின்வாங்கினான்.

ஏதோ ஓரிடத்தில் நிறுத்தி, இதுதான் பழைய இடம், அடித்துச் சொல்கிறேன் என்று சொன்னால் பெரியவர் நம்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் லென்ஸக்கா சொல்லி யாரும் மறுத்ததில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"ஐயா, என் மேலதான் தப்பு. எங்க இருந்துச்சுன்னு நான் பார்க்கல. நீங்கதான் சொல்லணும். மங்கல்னா எப்படி மங்கல்?"

அவர் யோசிக்கவே இல்லை. அடுப்படி ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கிறதாம். அங்கே நின்றுதான் அந்த அம்மா எதிர்மாடியைப் படம் எடுத்துத் தள்ளுவாராம். புறா, தண்ணீர்த் தொட்டி, மேகம், ஒன்றையும் விட்டதில்லை. அந்த அம்மா போன பிறகு சாயங்காலம் ஆனால் இவர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருவார். இருட்டுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கொடியில துணி காயும். துணின்னு தெரியும், சட்டையா துண்டான்னு தெரியாது. தொட்டி விளிம்புல புறா உக்காந்திருந்தா ஒண்ணா ரெண்டான்னு பிடிபடாது. கேமராக்குள்ள அடியில பச்சையா நம்பர் வரும்ல? அதுல எட்டும் மூணும் ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு மட்டும் ஒண்ணாவே தெரியும்."

லென்ஸக்கா தடுப்புக் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க. உக்காருங்க."

அவளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்திராத முக்காலியில் அவர் உட்கார்ந்தார். கேமராவைக் கையில் கொடுத்து, பச்சை எண்கள் அணையாமல் இருக்க எந்தப் பொத்தானைப் பாதி அழுத்தி வைக்க வேண்டும் என்று காட்டினாள். அவர் விரலைப் பிடித்துச் சக்கரத்தின்மேல் வைத்தாள்.

"இந்தப் பக்கம். மெதுவா. நான் தொட மாட்டேன். உங்களுக்குத்தான் தெரியும்."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் திருக ஆரம்பித்தார். குறுகலான சந்தில் பெரிய பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி, கொஞ்சம் போய், நிறுத்தி, பின்னால் வந்து, மறுபடி கொஞ்சம் போய். வரிசையில் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஒருதரம் தாண்டிப் போய்விட்டார். "ஐயோ" என்று முனகிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு விரல் நின்றது.

"இதாம்மா."

கேமராவை அவர் இறக்கவில்லை. எதிரே இருந்தது கழிவறைப் பாதையின் சுவரும் ஒரு குழல்விளக்கும்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"எட்டும் மூணும் ஒண்ணாயிடுச்சும்மா."

லென்ஸக்கா கறுப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி, சக்கரத்தின்மேல் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டாள். அது அதே இடம்தானா என்று சோதிக்க எந்தக் கருவியும் கிடையாது. அவளுக்குச் சந்தேகமும் வரவில்லை.

துண்டைச் சுற்றிக்கொண்டே அவர் கேட்டார். "பாவம்மா அவ. எல்லாத்தையும் இவ்வளவு மங்கலாவா பார்த்துட்டிருந்தா?"

எத்தனையோ தப்பெண்ணங்களைத் திருத்தியவள்தான். இதைத் திருத்தும்போது மட்டும் குரல் கொஞ்சம் தழைந்தது.

"இல்லீங்கய்யா. நமக்குத்தான் மங்கல். அவங்களுக்கு இது பளிச்னு இருந்திருக்கும். சட்டையா துண்டான்னு தெரிஞ்சிருக்கும். முதல்ல பார்த்துட்டு நீங்க அடேயப்பான்னீங்களே, அப்படி."

அவர் துண்டைச் சுற்றுவதை நிறுத்தினார். "அப்படியா! புறா கூட எண்ணியிருப்பாளா?"

"எண்ணியிருப்பாங்க."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சாப்பிட்டாயா என்று அவரும் கேட்கவில்லை. அவர் இருந்த நிலையில் அதை எதிர்பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து லென்ஸக்காவின் கவுன்ட்டரில் ஒரு புதுப் பழக்கம். மங்கல் என்று யார் வந்தாலும் விரலை மடக்கிக்கொண்டு, "இதுக்கு முன்னாடி இதுல யாரு பார்த்தாங்க?" என்று கேட்பாள். "என் மச்சினன்தாங்க்கா, இரவல் வாங்கிட்டுப் போனவன். தாராளமாத் திருப்புங்க, அவன் மூஞ்சியே எனக்குப் பிடிக்காது" என்பான் ஒருவன். சிரித்துக்கொண்டு திருப்புவாள். சிலர் யோசிப்பார்கள். அவர்களுக்காகக் காத்திருப்பாள். இதற்கு முன்னால் கேட்காமல் திருப்பியவற்றைத்தான் அவள் எண்ணிப் பார்த்தாள். அவற்றில் எத்தனை வெறும் மச்சினன், எத்தனை வீட்டுக்காரி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் அலமாரியைத் திறந்து தன் சொந்தக் கேமராவை எடுத்தாள். அவளும் கிட்டப் பார்வைக்காரிதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்ச் சுவரின் விரிசல் வரை துல்லியமாகத் தெரிந்தது. சக்கரம் அவள் கண்ணுக்கென்று நின்ற இடத்தில் நின்றது. அதை இதுவரை யாரும் நகர்த்தியதில்லை, ஏனென்றால் இதுவரை யாரும் இரவல் கேட்டதில்லை. இன்னொருவர் கண்ணுக்கு இது மங்கல்தான். அந்த மங்கலைப் பார்த்து, எட்டு எது மூன்று எது என்று மனப்பாடம் செய்து வைக்க ஒரு ஆள் இல்லை.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, அதிசயமா நீயே பண்றே?"

"ஒண்ணுமில்ல. ஒருநாள் வாயேன். என் கேமரால ஒருதடவ பாரேன்."

"எதுக்கு? புதுசா ஏதும் வாங்கினியா?"

"பழசுதான். நீ பார்த்தா மங்கலாத் தெரியும்."

தங்கச்சி சிரித்தாள். "மங்கலாத் தெரியறதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வரச் சொல்றே? நீதான் ரிப்பேர்க்காரியாச்சே. நீயே திருகிவிட்டா சரியாப் போயிடும்ல?"

"போயிடும்" என்றாள் அக்கா.

"சரிக்கா, வைக்கட்டுமா?"