பூச்சியத்திலிருந்து எண்ணியவன்

விட்பியில் என் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தபடியே ரெக்ஸ்டேலில் இருக்கும் ஓர் உணவு மொத்த விற்பனைக் கிடங்கின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். நேரில் போகலாம்தான். ஆனால் மூன்று லினக்ஸ் பெட்டிகளுக்கு வணக்கம் சொல்வதற்காக 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து போய், மறுபடி ஊர்ந்து வர மனமில்லை. சோம்பலுக்கு ‘ரிமோட் வேலை’ என்று மரியாதையான பெயர் வைத்தவர் நன்றாக இருக்கட்டும்.

போன வசந்தத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரிய சேர்வரில் இருந்த வன்பொருள் கண்காணிப்பு மென்பொருளைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். விசிறி சுழல்கிறதா, மின்சாரம் வருகிறதா, டிஸ்க்குகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. பழையதை முழுதாக அகற்றினால்தான் புதியது உள்ளே வரும். பழையதோ வீட்டைக் காலிசெய்ய மறுக்கும் வாடகைக்காரர் மாதிரி. நிறுத்தினேன், தானாக எழும்பியது. அகற்றினேன், பாதி போனது, மீதி என்னை முறைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் அதன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்துப் புதியதை ஏற்றினேன்.

புதியது கண் விழித்ததும் சொன்ன முதல் செய்தி: இரண்டாம் டிஸ்க் செத்துவிட்டது.

நான்கு டிஸ்க்குகளில் ஒன்று போனால் மற்ற மூன்றும் சமாளிக்கும். இன்னொன்றும் போனால் கடைகளின் ஓடர்கள், லொறிகளின் பட்டியல் எல்லாம் போய்விடும். பேக்கப் இருந்தது. அதிலிருந்து எதையாவது மீட்டுப் பார்த்திருக்கிறேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிடங்கில் ஓடர்களைக் கவனிக்கும் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். மாற்று டிஸ்க் அவருடைய மேசை லாச்சியில்தான் இருந்தது. சேர்வரை நிறுத்தாமலே கழற்றி மாற்றலாம்.

“தங்கச்சி, டிஸ்க் ஒவ்வொண்டிலயும் நம்பர் ஒட்டியிருக்கு. நான் ஒட்டினதுதான். ரெண்டு எண்டு இருக்கிறதைப் பிடிச்சு இழும்.”

“பிடிச்சிட்டன். ஆனா அண்ணை, இதில பச்சை லைற்றெல்லோ எரியுது. பக்கத்தில, ஒண்டு எண்டு கிடக்கிறதிலதான் மஞ்சள்.”

“மஞ்சளோ? எப்ப இருந்து?”

“தைப்பொங்கலுக்கு முந்தியே. நான் உங்களைக் கேட்டனான். ‘சொப்ட்வெயர் எல்லாம் ஓகே எண்டு காட்டுது, நீர் லைற்றைப் பாக்காதையும்’ எண்டு சொன்னது ஆர்?”

நான்தான். அதே கணத்தில் இன்னொன்றும் உறைத்தது. பழைய மென்பொருள் டிஸ்க்குகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணும். அதன் சொல்லைக் கேட்டு நானும் பூச்சியம் முதல் மூன்று வரை அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். புதியது மனிதரைப்போல ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அதன் இரண்டு, என் ஒன்று. அவர் கை வைத்திருந்தது உயிரோடு இருந்த டிஸ்க்கில்.

“கையை எடும்! தொடாதையும்!”

“எடுத்திட்டன். கத்தாதையுங்கோ, இஞ்சை ஆக்கள் திரும்பிப் பாக்கினம்.”

செத்த டிஸ்க்கின் விளக்கை மினுக்கச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. அதை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும். என் கையெழுத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இப்போது கொடுத்தேன்.

“எது மினுங்குது?”

“மஞ்சள்தான். ஒண்டு. இழுக்கட்டோ?”

“இழும்.”

டக்கென்ற சத்தம் போனில் கேட்டது. புதிய டிஸ்க் உள்ளே போனது. மற்ற மூன்றும் தங்களிடம் இருந்ததை அதற்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கின. பின்னேரம் நான்கு மணிக்கு நூறு வீதம். அவரே அழைத்தார்.

“ஓடர் எல்லாம் அப்பிடியே கிடக்கு. லொறியளும் வெளிக்கிட்டிட்டுது. மற்ற ரெண்டு சேர்வரும் எப்ப?”

“நாளைக்கு.”

“அப்ப நான் லைற்றைப் பாத்துச் சொல்லுறன். நீங்கள் சொப்ட்வெயரைப் பாருங்கோ.”

கிடங்கு மேலாளருக்கு எழுதிய அறிக்கையில் அவர் செய்ததை விளக்கமாகவே எழுதினேன். நான் செய்ததைக் கொஞ்சம் சுருக்கிவிட்டேன்.