சுவரில்லாத வீட்டுக்குத் தாழ்ப்பாள்

நாடகக் குழுவில் மேடைச் சாமான் பார்க்கிற வேலை என்றால், வீட்டில் நேராக வைக்கிறதை எல்லாம் இங்கே கோணலாக வைக்கவேண்டும். வீட்டையும் வேலையையும் சேர்த்து இழுக்கிற உங்களுக்கு என் பாடு புரியும். ஒத்திகைக் கூடம் எங்கள் முதலியார்பேட்டையிலேயே இருக்கிறது. மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். இப்படி ஒரு வேலை வேறெங்கே கிடைக்கும்?

காலித் தட்டு

ஓரங்க நாடகம். நடு மேடையில் ஒரு கதவு, சுவரே கிடையாது. அந்தப் பக்கம் புருஷன், இந்தப் பக்கம் பொண்டாட்டி, ஆளுக்கொரு காலித் தட்டில் சாப்பிடுவார்கள். அபத்த நாடகமாம், நிஜம் மாதிரி எதுவுமே இருக்கக் கூடாதாம். எனக்கு மனசு கேட்குமா? காலையிலிருந்து ஒத்திகை பார்க்கிறார்களே என்று லெமன் சாதம் வைத்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரு பருக்கை விடவில்லை. இயக்குநர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அவங்க வாழ்க்கையில ஒண்ணுமே இல்லைங்கறதுதாம்மா நாடகம். நீ ஊறுகாயோட வச்சிருக்க!”

வீட்டுக்காரர் சந்தேகம்

புருஷன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான். “நீங்க யாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பொண்டாட்டி மேடையை விட்டே போய்விடுவாள். கடைசியாக ஒருமுறை தட்டும்போது கதவு தானாகத் திறக்கும், உள்ளே யாரும் இல்லை. அவ்வளவுதான் கதை. ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “சுவருதான் இல்லையே, சுத்திக்கினு போவ வேண்டியதுதான?” என்றார். நியாயம்தானே? போய் சாரிடமே கேட்டேன்.

“சுவரு இருக்கு சுகன்யா, உனக்குத்தான் தெரியல. இன்னொரு வாட்டி எதையாவது சரி பண்ணுன, நான் வேற ஆளப் பாத்துக்குவேன்.”

பழக்க தோஷம்

என் மகள் அந்தக் கதவில் தொங்கி ஊஞ்சல் ஆடினாள். கை நசுங்கிவிடுமே என்று உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தேன். முதல் காட்சியன்று மேடையைத் துடைத்தேன், வீட்டில் போடுகிற மாதிரியே தாழ்ப்பாளைப் போட்டேன், கதவைச் சுற்றி நடந்து வந்துவிட்டேன்.

கடைசியாகத் தட்டும் இடம் வந்தது. கதவு அசையவில்லை. புருஷனாக நடித்தவர் தட்டுகிறார், இடிக்கிறார், வேர்த்து ஊற்றுகிறது. சுற்றிக்கொண்டும் வரமுடியாது, சுவர் இருக்கிறதே! பொண்டாட்டியாக நடித்தவரிடம், போய்த் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். “நான் போனவ போனவதான், திரும்ப வந்தா கதையே மாறிடும்” என்று அசையவில்லை. என் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே, கையிலிருந்த மாப்போடு மேடையேறித் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவர் செருப்புக் காலோடு உள்ளே வந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

“செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க, இப்பதான் தொடச்சேன்!”

சொல்தா கேள்வி

செருப்பை விட்டுவிட்டு வந்தார். விளக்கு அணைந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. முடிந்ததும் கலந்துரையாடல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர், முன்வரிசையிலிருந்து எழுந்து மைக்கை வாங்கினார். “கட்டுனவளே யாருன்னு கேட்டுட்டா. முன்னபின்ன தெரியாத பொம்பள உள்ள விட்டா பாருங்க, எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அந்த எடம் யாரு எழுதுனது?”

சார் என்னைப் பார்த்தார். நான் மாப்பைப் பார்த்தேன். “ஒத்திகையில தானா வந்துதுங்க” என்று சார் அவரிடம் சொல்லிவிட்டு, மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“நாளைக்கும் தாழ்ப்பாளப் போட்டுடும்மா. ஆனா மறந்தாப்புலயே போடணும்.”

இப்போதெல்லாம் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், ஞாபகமாக மறந்துபோவதுதான் என் உத்தியோகம்.