நண்பகலை இருட்டாக்கிய உபாகா

ஊரடங்கு இருந்த அந்த இரண்டு வருடமும் என் நாற்காலி ஒன்றுகூட சூரியன் சாய்ந்த பிறகு வெளியே நின்றதில்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சாவு வீட்டுப் படங்களைப் பாருங்கள்: என் நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், கறுத்த வானத்தின் கீழே, விடிய விடிய விழித்திருக்கும். அது உபாகாவின் கைவேலை. அவன் கடையும் என் கொட்டகையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவள். அவன் படம் எடுப்பவன். இன்றைக்கும் பக்கத்தில்தான் இருக்கிறான். நாற்காலி விஷயம் தவிர அவனோடு நான் வேறு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் இக்போ ஜனங்களில் ஒரு பெண் செத்தால் அவளை ஓர் இரவு முழுக்கத் தனியாக விடக்கூடாது. புகுந்த வீட்டுக் குலத்தில் பிறந்த பெண்கள் எல்லாரும் வந்து சுற்றி உட்கார்ந்து விடியும்வரை பாட வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய பிறந்த வீட்டார், "எங்க பொண்ண நாய் மாதிரி புதைச்சிட்டீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு வருடம் கழித்து வரும் நிறைவுச் சடங்கில் அவர்கள் கள் வாங்கிக் குடித்தால்தான் அவள் கணக்கு முடிந்தது. குடிக்க மறுத்தால் மகனுக்கு அத்தோடு தாய்மாமன் வீடு இல்லை.

ஆறு மணிக்கு மேல் தெருவில் தலை தெரிந்தால் சுடுவோம் என்று ராணுவம் சொல்லியிருந்த காலத்தில் எவள் வந்து விடிய விடியப் பாடுவாள்? அதனால் ஊரே நண்பகலில் பாடிப் புதைத்தது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு மட்டும் இரவுப் படம் போயிற்று.

முதலில் கேட்டது ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதற்கப்புறம் வரிசை. உபாகா படத்தை நீலத்தில் முக்கி எடுப்பான், வானத்தை வெட்டி எறிந்து கறுப்பை வைப்பான், காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை நிழலை ஒவ்வொன்றாகத் துடைப்பான், பந்தல் கம்பில் பல்பு வரைந்து சுற்றிலும் மஞ்சள் பூசுவான். கருப்புக் கண்ணாடி போட்ட பாதிரியாரின் கண்ணாடியைக் கழற்றிவிடுவான். ஒரு தடவை ஒரு கோழியை மறந்துவிட்டான். நள்ளிரவில் சவப்பெட்டி பக்கத்தில் கோழி மேய்கிறது! நான் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் குடும்பத்து மானம் லண்டனில் சிரிப்பாய்ச் சிரித்திருக்கும்.

"நிலா ஒண்ணு வை தம்பி, அப்பா பெரிய மனுசன்" என்று ஒருத்தன் நின்றான்.

"அன்னைக்கு அமாவாசைண்ணே."

"எங்க அண்ணன் ஹூஸ்டன்ல உக்காந்து பஞ்சாங்கமா பாக்கப்போறான்? வைடா!"

வைத்தான். இப்படி எல்லாரும் அவனிடம் பொய் வாங்கிப் போனார்கள். அவனை மட்டும் பொய்யன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தான்: வேலை முடிந்ததும் பகல் படத்தை, படம் கேட்டவர் கண்முன்னாலேயே கணினியிலிருந்து அழித்துவிடுவான். நாளைக்கு யார் கையிலும் சிக்கி மானத்தை வாங்கக்கூடாது என்பதற்காக. அதனால்தான் அவனிடம் கூட்டம்.

பிறகு அவன் அம்மா அடாகு செத்தாள்.

அடாகு பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் ராணுவச் சாவடி. வயசுப் பையன் போனால் சட்டையைக் கழற்றி வெயிலில் முட்டி போட வைப்பார்கள். அவள் தம்பிகள் மூன்று பேரும், பெரியவர் ஒஃபோடிலே உட்பட, "பாலம் திறக்கட்டும், பாக்கலாம்" என்று இருந்துவிட்டார்கள். வந்தது அவள் அக்கா ஓரியாக்கு மட்டும். எழுபதைத் தாண்டியவள். தோட்டத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தலையில் ஒரு கூடை மரவள்ளியை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவள் போலப் பாலத்தை நடந்தே கடந்தாள். அவளை வாசலில் கைபிடித்துக் கூட்டிவந்து பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தது உபாகாதான். நாற்காலி போட்டது நான்.

அப்படி ஒரு வெயில். பந்தலுக்கு வெளியேதான் பெட்டி இருந்தது, குழியும் பக்கத்திலேயே. பெண்கள் பாடினார்கள். ஓரியாக்கு நெற்றியில் கையைக் குடைபோல வைத்து, கண்ணைச் சுருக்கி, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. இரண்டு மணி நேரமும் அந்தக் கை இறங்கவில்லை.

நிறைவுச் சடங்கு நெருங்கியபோது மாமன்மாரிடமிருந்து சேதி வந்தது: ஊரடங்கைச் சாக்குச் சொல்லக்கூடாது, எங்கள் அக்காவை இரவெல்லாம் பாடி வழியனுப்பினார்கள் என்று காட்டினால் கள் குடிக்க வருகிறோம். ஊருக்கெல்லாம் செய்தவன் தன் அம்மாவுக்குச் செய்ய உட்கார்ந்தான். எல்லாப் பெண்களும் வாய் திறந்து பாடுகிற படம் ஒன்றே ஒன்றுதான் நன்றாக வந்திருந்தது. அதன் நட்டநடுவில் ஓரியாக்கு, நெற்றியில் கையோடு.

நள்ளிரவில் யார் கண்ணுக்குக் கை மறைப்பு வைப்பார்கள்? கையை அழித்துப் பார்த்தான், கீழே முகம் இல்லை, வெறும் நிழல்தான். வேறு ஒருத்தியின் முகத்தை வைத்துப் பார்த்தான், அசிங்கமாக இருந்தது. மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்திருந்தான்.

"பெரியம்மாவையாடா தூக்கிட்ட?"

"வேற வழியில்லக்கா. அவங்க வந்தது எல்லாருக்கும் தெரியுமே. படத்துலதான் இருக்கணுமா?"

"மூஞ்சில அறைஞ்சிருவேன். அந்தப் பொம்பளை பாலத்த நடந்தே தாண்டி வந்தவ."

"அதான் சொல்றேன். வந்தவங்களுக்குப் படம் எதுக்கு? வராதவங்களுக்குத்தான் வேணும்."

பேச்சு அழகாகத்தான் இருந்தது. பகல் படத்தை அப்போதே அழித்துவிட்டான். தன் மானத்துக்கும் அதே வழக்கம்.

அதற்குள் ஊரடங்கு தளர்ந்திருந்தது. சடங்கன்று மாமன்மார் வேனில் வந்து இறங்கினார்கள், கூடவே ஓரியாக்குவும். முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவள் நான், அதனால் எல்லாம் என் காதாலேயே கேட்டேன். வந்தவர்களை வரவேற்கும் கோலா கொட்டையை உடைத்துப் பிரார்த்தனை முடிந்ததும், உபாகா சட்டம் போட்ட படத்தை இரண்டு கையாலும் நீட்டினான். ஒஃபோடிலே மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா வழியனுப்பியிருக்கே மருமகனே. குறை சொல்ல முடியாது." பிறகு படத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். "ஓரியாக்கு எங்க?"

உபாகா குனிந்து கள் குடுக்கையை எடுத்தான். மாமா விடவில்லை.

"நான் வந்தேன், என் கையாலதான் மண்ணு போட்டேன்னு வருசம் பூரா எங்க உசிர எடுத்தாளே, எங்க அவ? குலத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் இருக்காங்க. இவ நாற்காலில விளக்குதான் எரியுது!"

சின்ன மாமன் சிரித்தான். "பாலத்துலயே ராணுவக்காரன் திருப்பி விரட்டியிருப்பான். மரவள்ளிய வித்துட்டு வந்து கதை சொல்லியிருக்கு நம்ம அக்கா."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஓரியாக்கு வருடம் முழுக்க அவர்களிடம் வந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள், எந்த நேரம் என்று சொல்லவே இல்லை. நண்பகல் என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்திருந்தால் உபாகாவின் தலை நிமிர்ந்திருக்காது. தங்கை மகனுக்காக அந்தச் சொல்லை அவள் விழுங்கி வைத்திருந்தாள். இப்போதும் அவள் தம்பிகளைப் பார்க்கவில்லை. உபாகாவைத்தான் பார்த்தாள்.

"நீயே சொல்லு மருமகனே," என்றார் ஒஃபோடிலே. "உங்க பெரியம்மா வந்தாளா இல்லையா?"

கள் குடுக்கை அவன் கையில் இருந்தது. ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. வந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் படத்தில் ஏன் இல்லை என்பது.

"ராத்திரி நேரம் மாமா," என்றான், குடுக்கையைப் பார்த்தபடி. "இருட்டுல எனக்குச் சரியா தெரியல."

"நான் போட்ட நாற்காலியில அவங்க..." என்று வாயைத் திறந்தேன்.

"சும்மா இரு மகளே," என்றாள் ஓரியாக்கு. சத்தம்கூடப் போடவில்லை. "நான் வரல. வயசாச்சு, எதையோ நெனச்சு எதையோ உளறியிருக்கேன். கள்ள ஊத்தச் சொல்லு."

ஊற்றினான். மாமன்மார் குடித்தார்கள். அடாகுவின் கணக்கு முடிந்தது. ஆட்டுக்கறியும் வள்ளிக்கிழங்கும் தட்டில் விழுந்தன. தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கெல்லாம் போகிறாள் என்று அக்காவை அவர்கள் சாப்பாடு முடியும்வரை கிண்டல் பண்ணினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நாலு மணிக்கு ஆண்கள் வேன் பக்கம் போய்விட்டார்கள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓரியாக்கு கடைசி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். உபாகா கேமராவோடு வந்து அவள் முன்னால் முட்டி போட்டான். கண் சிவந்திருந்தது.

"பெரியம்மா, பழைய படம் அழிஞ்சு போச்சு. இப்ப ஒண்ணு எடுத்துக்கறேன். விளக்க எடுத்துட்டு அந்த எடத்துல உங்கள வெச்சிடறேன். மாமாகிட்ட வேற படம் கெடச்சுதுன்னு சொல்லிக்கலாம். இப்படி என்னப் பாருங்க."

மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் நிமிர்ந்து, தன்னை அறியாமல் கையை நெற்றியில் வைத்தாள்.

உபாகா கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"கைய எறக்குங்க பெரியம்மா," என்றான்.

"வெயில்டா."

"ஒரே ஒரு நிமிசம்."

"அன்னைக்கும் வெயில்தான்டா இருந்துச்சு," என்றாள் அவள்.

வேன்காரன் ஹார்ன் அடித்தான். அவள் கையை இறக்காமலேயே எழுந்து, கண்ணை மறைத்தபடி வாசலைப் பார்த்து நடந்தாள். அவன் முட்டி போட்டபடியே இருந்தான். நான் அந்த நாற்காலியை எடுத்து மற்றவற்றின் மேல் கவிழ்த்தேன்.