வெள்ளைக்காரன்ரை பலகை

குருநகரில் நான் வேலை செய்யும், நண்டு வாங்கி ஏற்றுமதி செய்யும் வாடியில் ஒரு பலகை இருக்கிறது. அதன் நடுவே ஒரு வாய் வெட்டியிருக்கும். நண்டின் ஓடு அந்த வாய்க்குள் புகுந்துவிட்டால் அது சின்னன், வாங்கமாட்டோம். வயிற்றில் முட்டை சுமக்கும் சினை நண்டையும் வாங்கமாட்டோம். அமெரிக்காவில் எங்கள் நண்டை எடுப்பவர்கள் போட்ட நிபந்தனை அது. அதனால் கரையில் எல்லோரும் அதை ‘வெள்ளைக்காரன்ரை பலகை’ என்பார்கள். பல வருடமாக அதை வைத்து அளப்பவள் நான். முதலாளியிடம் “ஓம்” என்பதற்கு மேல் அதிகம் கதைத்ததில்லை.

பிறகு அமெரிக்கா எல்லா நாட்டுச் சாமானுக்கும் வரியைக் கூட்டியது. நாடுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நின்றன. எங்கள் பெட்டிகளை இப்போது அனுப்பவேண்டாம் என்று செய்தி வந்தது. ஒரு காலை முதலாளி பலகையை என் கையிலிருந்து வாங்கி ஐஸ் பெட்டிக்கு மேல் வைத்தார்.

“இனி வேறை நாட்டுக்குத்தான் போகப்போகுது. அவங்கள் அளவும் கேக்கமாட்டாங்கள், முட்டையும் பாக்கமாட்டாங்கள். வாறதெல்லாத்தையும் எடு, தங்கச்சி.”

“ஓம்,” என்றேன்.

முதலில் நண்டு கொண்டுவந்த மீனவ அண்ணை கூடையைக் கவிழ்த்தார். பாதி சினை நண்டு. மஞ்சள் முட்டைக் கட்டியோடு இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன. என் கை பழக்கத்தில் அவற்றை ஒதுக்கியது.

“ஆருக்கு ஒதுக்கிறாய், பிள்ளை?” என்று அவர் சிரித்தார். “அமெரிக்கனே எங்களை வேண்டாமெண்டிட்டான். உனக்கு மட்டும் இன்னும் கடிதம் போடுறானோ?”

நின்றவர்களும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

“அவன் போனால் போகட்டும் அண்ணை. உந்த முட்டை அவன்ரை கடலிலையோ பொரிக்கிறது?”

சிரிப்பு நின்றது. “எடுக்கேலாதெண்டால் வீட்டை போ,” என்றார் முதலாளி.

பலகை வந்தபிறகுதான் எங்கள் வலைகளில் பெரிய நண்டு மறுபடி விழத்தொடங்கியது. அது அவருக்கும் தெரியும். அதற்குப் பிறத்தியான் பெயரை வைத்துவிட்டதால், அவன் போனதும் பலகையும் போகவேண்டும் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். நானும்தான் “ஓம்” என்றேன்.

உட்காரும் வாங்கில் ஏறிப் பலகையை எடுத்தேன்.

“அளக்காததை நான் தராசிலை வைக்கமாட்டன். வீட்டையும் போகமாட்டன்.”

முதலாளி வெளியே கடலைப் பார்த்தார், பிறகு தராசை என் பக்கம் தள்ளினார். அண்ணை சினை நண்டுகளைக் கூடையில் திருப்பி அள்ளினார். “உவளோடை கதைச்சு வெல்லேலாது,” என்று முணுமுணுத்துக்கொண்டே போய்க் கடலில் கொட்டினார்.

புது நாட்டுக்காரன் இன்றுவரை அளவு கேட்கவில்லை. நான் அளக்கிறேன். கரையில் இப்போது ‘உவளின்ரை பலகை’ என்கிறார்கள். கேலிதான். சொல்லட்டும்.